ஒயரை மறைத்த அழகு

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அவனுக்குத் தெருவில் இஸ்திரி என்று பெயர். அவன் பூட்டிக் கொடுக்கும் பெட்டிக்குள் ஒயர்கள் தேய்த்து மடித்த சட்டை மாதிரி கிடக்கும். அதில் அவனுக்கு ஏகப்பட்ட கர்வம்.

அன்று காலை பதினொன்றே காலுக்கு, அக்கா வீட்டில், அவனே பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரில், அந்தக் கர்வத்துக்குச் சோதனை. கட்டப்போகும் வீடுகளின் அறைகளைத் திரையில் நடமாடும் படமாக்குவது அக்காவின் தொழில். வேலை போய் இரண்டு வருஷம். இப்போது ஒரு கம்பெனி மாதிரிப் படம் கேட்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குள் அனுப்பினால்தான் வேலை உண்டு. படம் பாதி உருவாகும்போதே திரை ஹேங் ஆகி, மவுஸும் நகராமல் நின்றுவிடும். மூன்று வாரமாக இதே கூத்து.

"கிராபிக்ஸ் டிரைவர்தான்க்கா மக்கர் பண்ணுது" என்று அந்த மென்பொருளை மூன்று வாரத்தில் நான்கு தடவை அழித்துத் திரும்பப் போட்டிருந்தான். "நீயும் அது தாங்காத அளவுக்குப் பெருசா வரையுற" என்று குத்தல் வேறு. வாய் சும்மா இருக்குமா?

மறுபடி ஹேங் ஆனது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

கடைசி முயற்சியாக, படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு இழுக்கும் மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்து ஓடவிட்டான். ஓடியது! ஆனால் அந்த வேகத்தில் முடிய முக்கால் மணி நேரமாகும்; கையில் இருந்தது முப்பத்தைந்து நிமிஷம். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கோளாறு டிரைவரில் இல்லை. கார்டுக்குக் கரண்ட் போதவில்லை.

மெஷினை அணைத்துப் பெட்டியைத் திறந்தான். அந்தக் கார்டுக்கு இரண்டு தனி ஒயர் வேண்டும். இவன் ஒரே ஒயரின் நுனியில் கிளை பிரிந்த இரண்டு முனைகளைச் செருகியிருந்தான். இன்னொன்று சேர்ந்தால் பின்பக்கம் புடைக்கும், அழகு கெடும் என்று இரண்டாவதை அலமாரி மேல் தூக்கிப் போட்டவன் சாட்சாத் இவனேதான்.

ஸ்டூலில் ஏறித் தேடி எடுத்துச் செருகி, படத்தை மறுபடி முழு வேகத்தில் ஓடவிட்டான். இருபது நிமிஷம் பெட்டிக்குள் விசிறி அலறியது. ஐந்து நிமிஷம் மிச்சமிருக்கப் படம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது.

மூடி மறைத்திருக்கலாம். அக்காவுக்கு ஒயரைப் பற்றி என்ன தெரியும்?

"அக்கா, டிரைவர் மேல தப்பில்ல. என் தப்பு. பார்க்க நல்லா இருக்கட்டும்னு ஒரு ஒயரை விட்டுட்டேன்."

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தான்.

"மூணு வாரமா எனக்குத்தான் வேலை மறந்துபோச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்டா" என்றாள். "இனிமே இந்தத் தொழிலே வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்தேன்."

இஸ்திரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.