மிஸ்டர் கிளெக்கின் குளிர்கால ஏல்

போன சனிக்கிழமை மகள் வீட்டில் மருமகன் ஒரு போத்தலைத் திறந்தான். இங்கிலாந்திலிருந்து வந்த குளிர்கால ஏல். ஏல் என்பது பியருக்கு உறவுக்காரன்தான். நிறம் கறுப்புக்குக் கிட்ட, நடை கொஞ்சம் மந்தம். இதைக் குளிருக்கென்றே வருடத்தில் ஒருமுறை மட்டும் வடிப்பார்களாம். மருமகன் மெல்பேர்னில் பிறந்த பிள்ளை. போத்தலின் முதுகில் எழுதியிருந்ததைத் தேவாரம் படிப்பதுபோல் படித்து முடித்துவிட்டு, கிளாஸை என் மூக்குக்குக் கீழே நீட்டினான்.

"மாமா, என்ன டேஸ்ட் வருது?"

"நல்லாக் கிடக்கு."

"நல்லா எண்டது டேஸ்ட் இல்லை மாமா."

இதே வசனத்தை எனக்கு முதலில் சொன்னவர் மிஸ்டர் கிளெக்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னின் ஃபுட்ஸ்க்ரே பகுதியில் அவருடைய பலகை வீட்டின் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பகலில் தண்ணீர்க் குழாய்களுக்குப் படம் கீறும் வேலை. குழாய் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ட்ராம் எங்கே போகிறது என்று தெரியாது. அப்படி ஒரு வயது. கிளெக் அறுபது தாண்டிய தனிக்கட்டை. யோர்க்‌ஷயரில் ஒரு சின்ன ஊரில் ஏல் வடிக்கும் ஆலையில் இருபது வருடம் வேலை செய்துவிட்டுக் கப்பலேறி வந்தவர். அவர் பேசியதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். அவருடைய ஆங்கிலம் எனக்கே மூன்று மாதம் கழித்துத்தான் புரியத் தொடங்கியது.

அந்த வீட்டுக்குப் போன புதிதில் ஒரு தவறு செய்தேன். என் சிநேகிதன் சிவா ஊரிலிருந்து காலுறைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த கருவாட்டை, கிளெக் வெளியே போயிருக்கிறார் என்று நினைத்துப் பொரித்தேன். அவர் போகவில்லை. குசினிக்குள் வந்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேப்பரை விரித்தார். மூக்குக்கூட அசையவில்லை. அன்றிரவே மூட்டை கட்ட வேண்டி வரும் என்று நின்ற எனக்கு, அவர்மேல் பக்தியே வந்துவிட்டது. சிவாவிடம் சொன்னேன்.

"கருவாட்டுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ? மச்சான், அந்தாள் வெள்ளைக்காரனில்லை. சித்தர்."

சித்தர் இல்லை என்பது இரண்டு கிழமையில் தெரிந்தது. வேலையால் வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்கப் புகை மணம். அடுப்பில் பால் சட்டி கரியாகிக் கிடக்கிறது. பக்கத்து அறையில் கிளெக் நிம்மதியாக ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுப்பை நிறுத்திவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"உங்களுக்கு மணக்கேல்லையோ?"

கிளெக் ரேடியோவை நிறுத்தினார். போன வருடம் கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் சருகு அள்ளும்போது ஏணியிலிருந்து விழுந்து பின்மண்டை அடிபட்டதாம். காயம் ஆறிவிட்டது, மணம் திரும்பி வரவில்லை. வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு நான்கும் நாக்குக்குத் தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலையாம். எனக்கு அன்றுதான் தெரியும்.

"தேத்தண்ணி எனக்கு இப்ப சுடுதண்ணி. ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேயும்."

ஏன் சொல்லக்கூடாது என்பது ஏப்ரலில் விளங்கியது. ஒவ்வொரு வருடமும் அவர் தன் ஊர் ஆலையின் குளிர்கால ஏலை அதே கைப்பக்குவத்தில் வடிப்பார். இங்கே டிசம்பர் கோடையில் தெருத் தார் உருகுமாகையால், குளிர் விழும் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைத் திறப்பார். மூன்று பேர் வருவார்கள். அதில் ஆர்தர் என்பவர் அதே ஊர். அந்த ஆலையின் மதிலோடு ஒட்டிய வீட்டில் பிறந்தவர். மற்ற இருவரும் இங்கிலாந்தின் வேறு மூலைகள். இந்த மூவருக்கும் கிளெக் என்றால் மூக்கு. ஆலையில் எந்தப் பீப்பாய் பழுது என்று முகர்ந்தே சொன்ன மனிதர் என்று பெயர். அந்தப் பெயரைத் தவிர அவரிடம் பெரிதாக வேறொன்றும் இருக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு செப்புக் கொப்பரை இருந்தது. அதில்தான் முளைகட்டிய பார்லியின் மோல்ட் பாகும் ஹொப்ஸ் என்ற கைப்புப் பூவும் கொதித்தன. இரண்டு கிழமை புளிக்க விட்டபின் கிளெக் ஒரு கரண்டியில் எடுத்து என்னிடம் நீட்டினார். அதுவரை நான் ஒரு சொட்டும் குடித்தவனில்லை. அம்மாவுக்குச் சத்தியம் செய்துகொடுத்திருந்தேன். சத்தியத்தில் கரண்டி பற்றி ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

"எப்பிடி?"

"நல்லாக் கிடக்கு."

"நல்லா எண்டது ருசி இல்லை. எதை மாதிரி எண்டு சொல்லும்."

எதை மாதிரி? அவருக்குத் தெரிந்த சாமான் எனக்குத் தெரியாது; எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. பனங்கட்டி மாதிரி என்றேன். ரொட்டிப் பாணின் கருகின கரை. வெயிலில் காயப்போட்ட தோடம்பழத் தோல். கிளெக் ஒரு கொப்பியில் பென்சிலால் PANANKATTI என்று எழுதிக்கொண்டார். அது என்ன என்று காட்டுவதற்கு, சிவா தந்த துண்டில் கொஞ்சம் உடைத்துக் கொடுத்தேன். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"இனிப்பு" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. ஆனால் அடுத்த முறை கரண்டியை நீட்டும்போது, "பனங்கட்டி கூடவோ குறையவோ?" என்று கைதேர்ந்த வியாபாரியைப்போலக் கேட்டார்.

போத்தலில் அடைத்து ஆறு கிழமை கழிந்தபின் ஒன்றை உடைத்துப் பார்த்தோம். மணம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உருக்கின நெய்! அசல் நெய். மெல்பேர்னுக்கு வந்தபின் அந்த மணம் பிடிக்காமலே இரண்டு வருடம் போயிருந்தது.

"நெய் மணக்குது" என்றேன். அவருக்காக "கீ" என்றும் சொன்னேன்.

"அதென்ன?"

"கலியாணச் சோத்துக்கு விடுவம். சாமிக்கு விளக்கேத்துவம்."

கிளெக் என் முகத்தைப் பார்த்தார். நான் முழுதாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். GHEE என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் கீறினார். வெண்ணெய் என்ற ஒரு சொல்லை, பட்டர் என்று, நான் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அந்த நிமிடமே எல்லாவற்றையும் கழிவுநீர்க் கானில் ஊற்றியிருப்பார். ஏலில் வெண்ணெய் மணம் தூக்கினால் அது பழுது என்று ஆலையில் சின்னப் பொடியனுக்கும் தெரியுமாம். ஆனால் நெய் வேறு, வெண்ணெய் வேறு என்று வளர்ந்தவன் நான். சரியான சொல்லைத்தான் சொன்னேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஜூலை ஞாயிறு வந்தது. ஹீட்டரில் பிறிக்கெட் கரி எரிகிறது. மூவரும் கோட்டைக் கழற்றாமல் இருக்கிறார்கள். கிளெக் ஊற்றினார். ஆர்தர் முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் மேசைவிரிப்பைப் பார்த்தார். கிளெக் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வால்டர், இதுக்குள்ள பட்டர் போட்டனியோ?" என்று கிளெக்கைக் கேட்டார் ஆர்தர்.

நான் வாசலில் கேக் தட்டோடு நின்றேன். எனக்கு அதிகம் யோசிக்க நேரமிருக்கவில்லை.

"நான்தான் போட்டனான். எங்கட வழக்கம். அவருக்குத் தெரியாது."

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், பொடியன் சிலோன், அவனுக்கென்ன தெரியும் என்று பெருந்தன்மையாக மன்னித்தார். இன்னொருவர் சிரிக்கத் தொடங்கினார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். கிளெக்தான் போத்தலை மேசையில் வைத்தார்.

"அவன் ஒண்டும் போடேல்லை. எனக்கு மணம் தெரியாது, ஆர்தர். ஏணியால விழுந்ததிலிருந்து."

ஆர்தர் விரல்விட்டு மாதங்களைக் கணக்குப் பார்த்தார்.

"அப்ப கிறிஸ்மசுக்கு என்ரை மனிசி புடிங்கைக் கருக்கினவ. நீ ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டு, நல்லாக் கிடக்கெண்டு சொன்னாய்."

"ஓம்."

"அவ இன்னும் அதைச் சொல்லித் திரியிறா."

யாரும் சிரிக்கவில்லை. ஆர்தர் தன் கிளாஸைக் கடைசிவரை குடித்துவிட்டு, இன்னொன்று ஊற்றும்படி நீட்டினார். மற்ற இருவரும் நீட்டினார்கள். மாலைக்குள் மேசைக்கு வந்த அத்தனை நெய்யையும் நாலு பேரும் குடித்து முடித்தார்கள். போகும்போது ஆர்தர் என் தோளில் தட்டி, பொய் சொல்லப் பழக வேண்டும், உமது முகம் உதவாது என்றார்.

அடுத்த ஏப்ரல் ஐந்து பேராக அந்தத் தோய்க்கிற அறையில் நின்றோம். ஆர்தர் எனக்குப் பாடம் எடுத்தார்: இது டொஃபி, இது ட்ரீக்கிள் என்ற கரும்பாகு, இது வெண்ணெய், இதைக் கண்டால் கத்து. நான் அவர்களுக்குப் பனங்கட்டியை வாயில் தீத்தினேன். மூன்றாவது வருடம் ஆர்தர் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போனார். நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

"இதுதான் அது, வால்டர்" என்றார். கிளெக் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவருக்கு வேறு வழியில் தெரிந்துகொள்ள முடியாதே.

எழுபதுகள் முடியும் தறுவாயில் கிளெக் தங்கை வீட்டோடு இருக்க இங்கிலாந்துக்குத் திரும்பினார். ஒரே ஒரு கடிதம் வந்தது. ஆலை மூடியாயிற்றாம். அந்தக் கட்டடத்தில் இப்போது தளபாடக் கடை. தான் உள்ளே போய் ஒரு அலுமாரியை விலை விசாரித்ததாக எழுதியிருந்தார். அலுமாரி தேவையா என்று எழுதவில்லை. அந்தக் குளிர் முடியுமுன் அவர் இறந்துபோனதைத் தங்கை எழுதினார்.

கடைசி வடிப்பில் ஒரு போத்தல் ஆர்தரிடம் மிஞ்சியிருந்தது. ஜூலையில் நானும் அவருமாகத் திறந்தோம். ஆர்தருக்கு மூக்கு நன்றாக வேலை செய்தது. ஆனாலும், "எப்பிடி?" என்று என்னைத்தான் கேட்டார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆர்தரும் போய் வெகுகாலம். மற்ற இருவரும் எங்கே முடிந்தார்கள் என்று தெரியாது. பலகை வீடு நின்ற இடத்தில் மாடி வீடுகள் வந்துவிட்டன. ஜூலையில் அந்தத் தெருவில் கரிப்புகை மணமும் இல்லை. யோர்க்‌ஷயரில் அந்தச் சின்ன ஊரில் ஒரு காலம் குளிருக்கு என்ன குடித்தார்கள், அது எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் என்னால் திருத்தமாகச் சொல்ல முடியும். நான் அந்த ஊருக்கு ஒரு நாளும் போனதில்லை.