இராயபுரத்தில் கையால் பேசும் பிள்ளைகள்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பூரணியின் பாயை உதறி வெயிலில் போட்டேன். என் ஒன்பது வயது மகள் அன்றிரவு அதில் தூங்குவாள் என்று நினைத்தேன். காது கேளாத பிள்ளைகளுக்காக இராயபுரத்தில் நடக்கும் பள்ளியில் தங்கிப் படிக்கிறாள். “அம்மான்னு சொல்ல வந்துடுச்சாமே. போதும், கூட்டிக்கிட்டு வா” என்றார் என் கணவர். வீடு அவளில்லாமல் எனக்கும் பிடிக்கவில்லை.

எங்கள் எண்ணூரிலிருந்து தண்டையார்பேட்டை ஏறக்குறைய ஆறு மைல். காலை ஏழரை ரயிலில் மூன்றாம் வகுப்புக்கு மூன்றணா. திருவொற்றியூரில் ஆலைக்காரர்கள் ஏறிவிடுவார்கள். குழந்தையோடு போகிறவர்கள் முன்பே ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டையில் இறங்கினால் பள்ளிக்கு ரிக்ஷா ஆறணா.

“செவுட்டுப் பசங்க இஸ்கூலா? ஏறும்மா” என்றார் ரிக்ஷாக்காரர். “நான் மணி அடிச்சிகினே கெடப்பேன், ஒண்ணாவது திரும்பணுமே. ஜமீன்தாரு வூட்டுப் புள்ளைங்க கணக்கா நடக்கும். நான்தான் ஒதுங்கிப் போவணும்.”

வகுப்பில் ஆசிரியை வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து ‘ப’ என்றார். காகிதம் ஆடியது. ‘ம’வுக்கு மூக்கில் விரல் வைத்து அதிர்வைத் தொட்டு அறிய வேண்டும். உதட்டைப் பார்த்துத்தான் படிப்பு. சைகை காட்டக் கூடாது. பூரணி மூக்கில் விரல் வைத்து, “அம்...மா” என்றாள். இத்தனை வருடம் காத்திருந்த சொல். சொன்னவள் என்னைப் பார்க்கவில்லை. சரிதானா என்று ஆசிரியையைப் பார்த்தாள்.

இடைவேளையில் கொல்லைப்புறம் போனேன். பூரணியும் அவள் தோழி மும்தாஜும் கைகளால் படபடவென்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சோறு, தண்ணீர், தூக்கம் தவிர வீட்டில் எங்களுக்குள் சைகை கிடையாது. இவ்வளவு பேச்சு அவளுக்குள் இருந்ததா?

“டீச்சரு தலை மறைஞ்சா சந்தக்கடைதாம்மா. சத்தம்தான் இல்ல” என்றார் விடுதி ஆயா.

“என்ன பேசுறாங்க?”

“உங்கம்மா உன்ன வூட்டுக்கு இட்டுனு போவப் போறாங்களான்னு மும்தாஜு கேக்குது.”

“பூரணி என்ன சொல்றா?”

“எங்கம்மாவுக்குக் கையில பேச வராது, அங்க போயி யாராண்ட பேசுறதுன்னு கேக்குதும்மா.”

நான் தனியாகத்தான் ரயிலேறினேன்.

இப்பள்ளிக்குப் போக நினைப்பவர்கள் காது பரிசோதித்த டாக்டரின் சான்றிதழைக் கொண்டுபோங்கள். சனிக்கிழமை மதியம் பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோரை உள்ளே விடுவார்கள். வகுப்போடு திரும்பிவிடாமல் கொல்லைப்புறத்தையும் பாருங்கள்.

கணவரிடம், பாடம் இன்னும் முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். இனிச் சனிக்கிழமைதோறும் போய் மும்தாஜிடம் கைப்பேச்சு கற்கப் போகிறேன். அதை அவரிடமும் சொல்லவில்லை, ஆசிரியையிடமும் சொல்லவில்லை.