பள்ளம் மேடமும் இயக்குநரின் முகமும்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரைப் 'பள்ளம் மேடம்' என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக யார் என்ன கேட்டாலும் "ஒரு பள்ளம்னு வெச்சுக்குங்க" என்றே ஆரம்பித்துச் சம்பாதித்த பட்டம் அது. வேறு பட்டம் எதையும் நிர்வாகம் அவருக்குத் தந்து வீணடிக்கவில்லை.

கணினிக்குள் அவர், மூளையைப் போலப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஒரு நரம்பு வலையைக் கட்டியிருந்தார். ஒரு முகத்தைக் கற்றுக்கொடுத்தால் அதற்குள் ஒரு பள்ளம் விழும். பிறகு அந்த முகத்தில் பாதியைக் காட்டினாலே போதும். வலை உருட்டிவிட்ட கோலிக்குண்டு போலச் சரிந்து உரிய பள்ளத்தில் போய் உட்கார்ந்து, முழு முகத்தையும் திரையில் காட்டிவிடும். அடிக்கடி பார்த்த முகத்துக்குப் பள்ளம் ஆழம். வாசல் கேமராவோடு வலையை இணைத்திருந்ததால், உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் அது நாளுக்கு ஒருமுறை படித்துக்கொள்ளும்.

"இதை வெச்சு என்னதான் பண்ணப்போறே?" என்று கணவர் மாதம் தவறாமல் கேட்பார்.

"நீங்க பேப்பருக்குப் பின்னாடி ஒளிஞ்சாலும் கண்டுபிடிக்கும். அது போதாதா?"

இந்த ஆராய்ச்சி இனித் தேவையா என்று முடிவுசெய்ய ஒரு நாள் மூவர் குழு வந்தது. ஆய்வுக்கூட இயக்குநர் தாமாகவே முன்வந்து, கோப்பால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு கேமரா முன் கம்பீரமாக நின்றார். வலை கொஞ்சம் யோசித்தது. பிறகு திரையில் தோட்டக்காரரின் முகத்தைப் பளிச்சென்று காட்டியது. அதே வழுக்கை, அதே மீசை. குழுவில் ஒருவருக்கு அவசரமாக இருமல் வந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் இயக்குநர் மேடத்தின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், என் போட்டோவை ஒரு ஆயிரம் தடவை அதுக்குக் காட்டிடுங்க. சாப்பிட்டுட்டு வந்து திரும்பப் பார்ப்பாங்க."

"அது படிப்பு இல்ல சார், பிட்டு."

"இந்த ரூமைக் கேட்டு நாலு பேர் நிக்கிறாங்க, தெரியுமில்ல?"

"தெரியும். சாவி ஆணியில மாட்டியிருக்கு."

குழு திரும்பி வந்தது. திரையில் மறுபடியும் தோட்டக்காரர். "எங்கே தப்பு?" என்றார் இருமல்காரர்.

"தப்பே இல்லீங்க. ஒரு பள்ளம்னு வெச்சுக்குங்க..." என்று தொடங்கி, மேடம் வாசல் கேமராவின் பதிவை நீட்டினார். அந்த வருடம் தோட்டக்காரர் வந்தது இருநூற்றுத் தொண்ணூற்றொரு நாள். இயக்குநர், பத்தொன்பது. "பார்த்ததைச் சொல்லுது. அதைத் திருத்தச் சொன்னா நான் திருத்த மாட்டேன்."

குழு ஆராய்ச்சிக்கு இன்னும் ஒரு வருடம் கொடுத்தது. இயக்குநர் அறையைப் பிடுங்கிக்கொண்டார். பள்ளம் மேடம் கணினியோடு தோட்டக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்து, உர மூட்டைக்கும் மண்வெட்டிக்கும் நடுவே மேசை போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து இயக்குநர் தினமும் ஒன்பது மணிக்கே வந்து, வாசல் கேமராவை முறைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கிறார். ஆய்வுக்கூட வரலாற்றில் இப்படி ஒரு முன்னேற்றம் நடந்ததே இல்லை.

தோட்டக்காரருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "பாவம்மா அவரு. நான் வேணா கொஞ்ச நாள் லீவு போடட்டுமா?"

"வேண்டாம்ணே," என்றார் மேடம், மூட்டையை நகர்த்தி நாற்காலியைப் போட்டபடி. "நீங்க வழக்கம்போல வாங்க."