பட்டங்களின் அர்த்தம் சொன்ன தபால்காரர்

செய்தி வந்தபோது நான் கனகம்மாசத்திரம் பேருந்து நிறுத்தத்தில், ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்காக ஆட்டோவில் உட்கார்ந்து அறிவிப்புச் செய்துகொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. மைக்கை அணைக்காமலே எடுத்துவிட்டேன். "மாமா, அப்பா காலைல தவறிட்டாரு" என்று ஆசீர்வாதம் சாரின் மகள் எஸ்தர் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. "ஆசீர்வாதம் சார் பூட்டாரா" என்று நான் கேட்டதை ஆட்டோ மேலிருந்த இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களும் வாங்கித் திருப்பதி சாலை முழுவதற்கும் சொல்லிவிட்டன. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சென்னை பஸ் ஒன்று நின்றேவிட்டது. அது நிற்கிற இடம் என்பதால் நின்றது என்று என் ஆட்டோ ஓட்டுநர் சொல்கிறான். நான் அப்படி நினைக்கவில்லை.

சபையாரே, ஆர்.கே.பேட்டையில் அவர் கையால் தபால் வாங்கியவர்களே, இந்த நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னது எஸ்தர். நான் சபையைச் சேர்ந்தவன் அல்ல, மலை மேல் வேலோடு நிற்கிறவரின் ஆள். படிப்பு எட்டாவது வரை. ஒன்பதாவதில் என் அறிவைத் தாங்க முடியாமல் வெளியே அனுப்பினார்கள். ஆனால் 'மைக்' முனுசாமி என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராக்காரருக்கும் தெரியும். பத்துப் பேர் வந்த கூட்டத்தைப் பத்தாயிரம் பேர் கூட்டம் என்று சொல்லி, அதை அந்தப் பத்துப் பேரையே நம்ப வைத்தவன் நான். எத்தனையோ தலைவர்களுக்குப் பட்டம் கொடுத்திருக்கிறேன். சிலர் அதை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசீர்வாதம் சார் தபால்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு நடத்தினார். அவர் படித்ததெல்லாம் ஒரே விஷயம்தான்: பழைய யூத ஜனங்கள் ஒரு ராஜாவுக்காகக் காத்திருந்தார்களே, அந்த ராஜாவை என்னென்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அந்தப் பெயருக்கு அன்றைக்கு என்ன அர்த்தம் என்பது. அதற்காக எபிரேய எழுத்தைத் தானாகவே கற்றுக்கொண்டார். ஏழு மொழி தெரியும் என்று நான் ஊரில் சொல்லிவைத்தேன். தமிழும் தெலுங்கும் அந்த எழுத்தும்தான் என்று அவர் ஒவ்வொரு வீடாகப் போய்த் திருத்தினார்.

ஓர் ஆடிக் கிருத்திகையன்று மலையடிவாரத்தில் காணாமல் போனவர்களுக்கான அறிவிப்புக் கொட்டகையில் நான் இருந்தேன். காவடிக் கூட்டம் நகர இடமில்லாமல் நின்றது. சார் விடுமுறையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஜனங்கள் வந்து பெயரையும் அடையாளத்தையும் சொல்லிவிட்டு, குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதான் நைனா அந்த யூத ஜனங்க கதை" என்றார். "ஒரு லெட்டர் பல நூறு வருஷமா சுத்திகினு இருந்திச்சு. மேல ராஜான்னு போட்டுக்கீது. வீட்டு நம்பர் இல்ல. ஒவ்வொரு தலைமுறையும் வாசல்ல நின்னு, இன்னிக்கு வருமான்னு கேட்டுட்டு செத்துப்போச்சு."

"ஆங், அந்த ராஜா பேருதானே மேசியா?" என்றேன், எனக்கும் தெரியும் என்று காட்ட.

"அது பேரு இல்ல. எண்ணெய் ஊத்தப்பட்டவன்னு அர்த்தம். அங்க ராஜாவா ஆக்கணும்னா தலையில எண்ணெய் ஊத்துவாங்க. ஆடு மேய்ச்சவன் தாவீது தலையில அண்ணன்மாருங்க முன்னாடியே ஊத்துனாங்க. பூசாரிக்கும் ஊத்துவாங்க. கிரேக்கத்துல அதையே கிறிஸ்துன்னாங்க."

"தேவகுமாரன்?"

"பட்டத்துக்கு வர்ற ராஜாவை அந்த நாள்ல சாமி தன் புள்ளன்னு சொல்றாப்பல. தாவீதின் குமாரன்னா அந்த வம்சத்து வாரிசு. ஒரு கூட்டம் ராஜா ஒருத்தரு, பூசாரி ஒருத்தருன்னு ரெண்டு பேருக்குக் காத்துகினு இருந்திச்சு. இன்னும் கேளு, பாரசீக ராஜா ஒருத்தன், அந்த சாமியையே தெரியாதவன், வேற ராஜா சிறை புடிச்சிருந்த ஜனத்தை ஊருக்கு அனுப்பிச்சான். அவனுக்கும் எண்ணெய் ஊத்தப்பட்டவன்னு பட்டம் குடுத்துட்டாங்க."

"ஆந்திராவுல நகரியிலேர்ந்து வந்தவனுக்கு நம்ம கவுன்சிலர் பட்டத்தைக் குடுத்தாப்பல."

சார் சிரித்தார். நான் எல்லாவற்றையும் மனதில் எழுதிக்கொண்டேன். என் தொழிலில் இப்படிப்பட்ட சரக்கு எளிதில் கிடைக்காது.

இனி எழுதப்போவது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தவறாகத் தெரியும்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் சபையின் கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு அறிவிப்புச் செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். பேச்சாளர் ஆசீர்வாதம் சார். என் சிநேகிதர் மேடையேறுகிறார், வெறும் பெயரைச் சொல்லிவிட்டு வர என் வாய் சம்மதிக்குமா? ஆர்.கே.பேட்டையிலிருந்து கே.ஜி.கண்டிகை வரை மூன்று நாள், தெருத்தெருவாக இப்படிச் சொன்னேன்: "அபிஷேகம் பெற்றவர், தாவீதின் வாரிசு, தலைமுறை தலைமுறையாய்க் காத்திருந்தோம், இதோ வருகிறார், நம் அண்ணன் ஆசீர்வாதம்."

தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். என் வாழ்நாளில் அதைவிட நல்ல அறிவிப்பை நான் செய்ததில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். சார் அந்த மூன்று நாளும் சித்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அவர் காதுக்கு ஒரு சொல்லும் போகவில்லை.

திரும்பி வந்தபோது கூட்டம் ரத்தாகியிருந்தது. ஆசீர்வாதம் தன்னையே மேசியா என்று கூவச் சொல்லியிருக்கிறார் என்று பேச்சு. சபையை நடத்துகிற மூப்பர்கள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

"யாருயா இத எழுதிக் குடுத்தது?" என்று பெரிய மூப்பர் என்னைக் கேட்டார்.

நான்தான் என்று ஒரு சொல் போதும். ஆனால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. உனக்கு இதெல்லாம் என்னவென்று தெரியுமா என்பார்கள். தெரியாது என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். ஊரெல்லாம் எனக்கு வேதமும் தெரியும், வேதாந்தமும் தெரியும் என்று சொல்லி வைத்திருந்தவன் நான். "சார் சொன்னாரு" என்றேன்.

மூப்பர் அவர் பக்கம் திரும்பினார். "நீ சொன்னியாப்பா?"

சார் என்னைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை, தபாலோடு கதவைத் தட்டிவிட்டு வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பாரே, அவ்வளவு நேரம்தான். பிறகு, "அர்த்தம் சொல்லிக் குடுத்தது நான்தாங்க" என்றார். "பட்டமெல்லாம் சரிதான். ஆளுதான் தப்பு."

அவர் தன்னைத்தான் கேலி செய்துகொண்டார். அவர்கள் அதை ஒப்புதல் என்று எழுதிக்கொண்டார்கள். வகுப்பு அன்றோடு நின்றது. அதற்குப் பிறகு அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போகிறவர் ஆனார்.

அன்று திரும்பி நடக்கும்போது அவர் பேசியது ஒன்றே ஒன்று. "ரோமாக்காரன் சிலுவையில இயேசு தலைக்கு மேல பலகை மாட்டுனான் பாரு, அதுல திருடன்னோ கொலைகாரன்னோ எழுதல நைனா. ராஜான்னு எழுதுனான். பட்டந்தான் குத்தம்." என் மேல் கோபமா என்று கேட்க வாய் வரவில்லை. மறுநாளும் டீக்கடைக்கு வந்தார். எனக்குச் சர்க்கரை குறைத்துப் போடச் சொன்னார், வழக்கம்போல.

பதினொரு வருஷம் அப்படியே போயிற்று. சில சமயம் பேச்சின் நடுவில் அவர் நிறுத்திவிட்டு, நான் ஏதோ சொல்ல வந்தவன் போல என்னைப் பார்ப்பார். நான் உடனே வேறு கதையை எடுப்பேன். ஒரு முறை கவர்னருக்கே மைக் பிடித்த கதையைச் சொன்னேன். நான் கவர்னரைப் பார்த்ததே கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

மரண அறிவிப்பை நான்தான் செய்தேன். ஊரும் பெயரும் அடக்க நேரமும் சொன்னேன், ஓர் அடைமொழி சேர்க்கவில்லை. மைக்கைத் திறந்ததும் என் முதல் சொல்லுக்கு முன்னால் குழாயில் ஒரு மூச்சு கேட்டது. யாரோ பேச்சைத் தொடங்குமுன் இழுத்துக்கொள்கிற மூச்சு. என்னுடையது இல்லை, நான் வாயை மூடியிருந்தேன். அணைத்துத் திறந்தேன், மறுபடியும் அதே மூச்சு. இன்று வரை ஒவ்வொரு அறிவிப்பிலும் அது இருக்கிறது. மின்தொடர்பில் கோளாறு என்று ஓட்டுநர் வயரை மாற்றினான். நான் கூட்டிச் சொல்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். இதைக் கூட்டவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபித்தார். இறந்தவரைப் பற்றிச் சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று வழக்கப்படி கேட்டார். அந்த வகுப்பில் உட்கார்ந்து படித்த அத்தனை பேரும் அங்கே இருந்தீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. மண் போட்டார்கள்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன், எஸ்தர் டீ கொடுத்தாள். "பேரை மட்டும் சொன்னீங்க மாமா, நல்லா இருந்திச்சு" என்றாள். டம்ளரை நான் வாங்கிக்கொண்ட பிறகும் அங்கேயே நின்றாள். "அம்மா அப்பாவைத் திட்டிகினே இருப்பாங்க, நீயாவது போய் உண்மைய சொல்லேன்னு. அப்பா சொல்ல மாட்டாரு. முனுசாமி சொல்லுவான், அவனே வந்து சொல்லுவான்னு சொல்லுவாரு. ஆஸ்பத்திரியில கூட கேட்டாரு, வந்து சொல்லிட்டானான்னு."

நான் ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போயிருந்தேன். மூன்று தடவையும் கவர்னர் கதைதான்.

ஆகவே சொல்கிறேன். அந்த வார்த்தைகளை அவர் எழுதித் தரவில்லை. கூவச் சொல்லவில்லை. கூவியது அவருக்குத் தெரியாது. மூப்பர்கள் முன்னால் நான் பொய் சொன்னேன். உங்களுக்கு வேதம் சொல்லிக் கொடுத்த மனுஷனின் வாயை அடைத்தது என்னுடைய வாய். இதில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

சாரிடமிருந்து என்னிடம் புத்தகமோ பேனாவோ எதுவும் இல்லை. மூப்பர்கள் கேட்டபோது அவர் என்னைப் பார்த்த அந்தப் பார்வை இருக்கிறது. அது என்னைக் குற்றம் சொன்ன பார்வை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்து ஒளிந்தேன். நானே உண்மையைச் சொல்ல எனக்காக ஓர் இடம் விட்டுவிட்டு அவர் காத்துக்கொண்டிருந்தார் என்று இப்போதுதான் தெரிகிறது.