அடுப்படிக்குக் கீழே டயர்

டயர் சுவர் கட்ட ஆரம்பித்த அன்று நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். அவளுடைய அண்ணன் இருந்தார். ரயில் பாதையில் கட்டை மாற்றும் வேலை அவருக்கு. மேட்டுக்குக் கீழே குடியிருந்த மலாய்க்காரர் இருந்தார். மணல் லோரி ஓட்டுபவர். நூற்றுப் பத்தொன்பது டயர்களையும் அவர் லோரியில்தான் ஏற்றி வந்தோம். வேறு யாரும் இல்லை.

எழுபதுகளின் கடைசி. கிள்ளானுக்கு வெளியே ஒரு செம்மண் மேட்டில் எங்கள் பலகை வீடு. பின்னால் அடுப்படி. அதை ஒட்டி மேடு சரிந்து கால்வாயில் போய் முடியும். மழை பெய்தால் மண் இறங்கும். அடுப்படியின் நான்கு கால்களில் இரண்டுக்கு அடியில் மண்ணே இல்லை. இன்னும் இரண்டு பெரிய மழைக்குத் தாங்காது.

மண்ணைத் தடுக்கச் செங்கல் சுவர் கட்ட முடியாது. நிலம் அரசாங்கத்தினுடையது. செங்கல் கண்ணில் பட்டால் ஆட்கள் வந்து இடித்துவிட்டுப் போவார்கள். பலகை, தகரம் என்றால் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்கள். டயரைப் பார்த்தால் குப்பை என்று நினைப்பார்கள்.

நான் வேலை செய்தது டயர் கடையில். திரும்ப ரப்பர் போட முடியாத லோரி டயர்கள் கடைக்குப் பின்னால் கிடந்தன. தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறது என்று சுகாதார ஆபீசர் முதலாளியைத் திட்டிவிட்டுப் போயிருந்தார். நான் கேட்டதும் முதலாளி எடுத்துப் போகச் சொன்னார். நன்றி வேறு சொன்னார்.

ஒரு டயர் வைப்போம். மண்ணைக் கொட்டுவோம். உள் விளிம்புக்குள் கையால் திணித்து, கட்டையால் இடிப்போம். ஒரு டயருக்கு எட்டு வாளி மண். மலாய்க்காரர் சிரித்துக்கொண்டே, இத்தனை டயர் இருக்கிறது, எஞ்சின் ஒன்று கிடைத்தால் வீட்டையே ஓட்டிப் போகலாம் என்றார். மச்சானுக்கு மறுநாள் வேலை. மத்தியானத்தோடு போய்விட்டார். அடுத்த மூன்று ஞாயிறும் சேர்த்து அடுக்கியது முக்கால்வாசி நான்தான்.

கடைசி ஞாயிறு சாயங்காலம் மனைவி வந்து பார்த்தாள். கடையில் அடுக்கின மாதிரி நேராக நிற்கிறது என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பதினோராம் நாள் பெரிய மழை. நான் கடையில் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது சுவரில் மூன்று தூண் அளவுக்கு டயர்கள் கால்வாயில் கிடந்தன. அடுப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மனைவி முன்கதவில் சோற்றுப் பானையோடு உட்கார்ந்திருந்தாள்.

“அடுப்ப அணச்சிட்டுத்தான் வந்தேன்,” என்றாள்.

 

மறுநாள் மச்சான் வந்தார். கால்வாய் ஓரத்தில் குந்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“மாப்ள, கடையில அடுக்குறது எண்ணுறதுக்கு, எடுக்குறதுக்கு. இது எடுக்குறதுக்கா லா?”

அப்போதுதான் புரிந்தது. பதினாலு வருஷம் கடையில் டயரை ஒன்றின் தலையில் ஒன்றாக வைத்த கை. இங்கேயும் அப்படியே வைத்திருக்கிறது. சுவர் என்று நான் நினைத்தது தனித்தனியாக நின்ற தூண்கள். ஒன்று ஒன்றைப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றும் அதனதன் பாட்டுக்கு விழுந்தது.

முதலில் அடுப்படிக்கு இரண்டு மரக்கட்டை முட்டுக் கொடுத்தோம். பிறகு எல்லாவற்றையும் பிரித்தோம். மண் அடைத்த டயரை ஒரு ஆள் தூக்க முடியாது. கையை விட்டு ஈரமண்ணைத் தோண்டி எடுக்க வேண்டும். உள்ளே கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கையெல்லாம் கிழிந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை இரண்டு டயரின் நடுவில்தான் மேல் டயர். ஒவ்வொரு வரிசையும் மேட்டுப் பக்கம் ஒரு கை அகலம் உள்ளே தள்ளி. வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கை நேர் மேலேதான் போனது. இழுத்துத் தள்ளி வைத்தேன். மச்சான் அதைப் பார்த்துவிட்டு வாளியை நீட்டினார்.

வேலை முடிந்தும் மனைவி அடுப்படிக்குள் போகவில்லை. வாசலில் தகரத்தின் கீழே மூன்று கல் வைத்துச் சமைத்தாள். ஒரு மழை வந்து போகட்டும் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் சுவர் மேல் நம்பிக்கை இல்லை.

மழை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மத்தியானம் பிடித்து ஐந்து மணி வரை விடவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு நனைந்துகொண்டே வந்தேன். தூரத்திலேயே அடுப்படிக் கூரையிலிருந்து புகை தெரிந்தது. உள்ளே நின்று சமைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு மழ போகட்டும்னு சொன்னியே?”

“அங்க வெறகு நனைஞ்சிருச்சு. சுவத்தப் போயி பாருங்க,” என்றாள்.

கால்வாயில் இறங்கினேன். முட்டிவரை தண்ணீர். ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு டயரையும் கையால் அழுத்திப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. அழுத்த அழுத்த எண்ணிக்கொண்டே போனேன்.

நூற்றுப் பத்தொன்பது.