வெயிலின் சத்தம்

கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வகுப்பில் காட்டுவதற்காகப் பழைய கருவி ஒன்றை நானே செய்து பார்த்தேன். மின்விளக்கு புதிதாக வந்த காலத்தில், நட்சத்திரத்தின் சூட்டைக்கூட அளந்துவிடலாம் என்று நம்பி ஒரு விஞ்ஞானி உருவாக்கியது அது. உள்ளே ஒரு கெட்டி ரப்பர் குச்சி, ஒரு கரி வில்லை, அவ்வளவுதான். சூடு பட்டால் குச்சி கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு கரியை அழுத்தும். அழுத்தம் கூடினால் கரி வழியே மின்சாரம் தாராளமாகப் பாயும். மின்சாரத்தை அளக்கும் மீட்டரின் முள் நகர்வது கடைசி பெஞ்சுக்குத் தெரியாது என்பதால் ஒரு சிறு ஸ்பீக்கரை மாட்டினேன். சூடு ஏறினால் சத்தம் உயரும், இறங்கினால் தாழும்.

முதன்முதலாக அதை ஓடவிட்டபோது, வராந்தாவில் போய்க்கொண்டிருந்த தமிழ்த்துறைப் பேராசிரியர் வாசலில் நின்றார். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

"ஏனுங்க மேடம், உள்ள யாரோ ராகம் இழுக்கறாங்களாட்ட இருக்குதே?"

விஷயத்தைச் சொல்லி, அவர் கையைக் கருவிக்கு எதிரே நீட்டச் சொன்னேன். சத்தம் மெல்ல ஏறியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"நான் தொடவே இல்லீங்களே!"

"உங்க கைச்சூடுதானுங்க ஐயா."

மறுபடி நீட்டினார். அப்புறம் கன்னத்தைக் கொண்டுபோனார். சிரித்துக்கொண்டே இருந்தார்.

கருவியை ஜன்னல் வெயிலுக்குத் திருப்பினேன். சத்தம் கீச்சென்று உச்சிக்குப் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே இறங்கியது. ஒயர் கழன்றுவிட்டதோ என்று குனிந்தேன்.

"மேகமுங்களா?" என்றார்.

வெளியே எட்டிப் பார்த்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில், பிரித்துப் போட்ட பஞ்சு போல ஒரு மெல்லிய மேகம் சூரியனைக் கடந்துகொண்டிருந்தது. அறை வெளிச்சம் குறைந்ததாக என் கண்ணுக்குப் படவேயில்லை.

"ஆமாங்க ஐயா. இப்ப விலகுது."

சத்தம் மறுபடி ஏறியது.

"வெயில் மூஞ்சீல படறது தெரியுமுங்க. இத்தன லேசா ஒரு மேகம் வந்து போகும்னு எனக்குத் தெரியாதுங்க," என்றார்.

செல்போனில் மனைவியைக் கூப்பிட்டு, போனைக் கருவியின் ஸ்பீக்கர் பக்கம் பிடித்தார்.

"அம்மணி, இது வெயிலோட சத்தம். கேளு!"

"கொசு கத்தறாப்பல இருக்குதுங்க. வரும்போது தக்காளி வாங்கிட்டு வாங்க."

"வாரேன், வாரேன். இன்னொரு மேகத்தக் கேட்டுப்போட்டு வாரேன்."

நான் அவருக்கு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். மேற்கே நிறைய மேகம் இருந்தது.