வெட்டி எறிந்த மூச்சு

ஒரு பெண்ணின் குரலை அவரிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டு, பிறகு அவரை வேலையிலிருந்து நிறுத்தினேன். நான் செய்த தவறு இதுதான்.

நாமக்கல் சுற்றுவட்டாரக் கல்யாண மண்டபங்களில் எங்கள் மெல்லிசைக் குழு வாசித்துவந்தது. நான் கீபோர்டு. கோரஸும் ஹம்மிங்கும் அந்தப் பெண்ணின் பொறுப்பு. அவர் வீட்டு அடுப்பு அந்த வருமானத்தில்தான் எரிந்தது.

இன்று வாசிக்கத் தெரிந்தால் மட்டும் இசையில் பிழைக்க முடியாது. பதிவு செய்ய, வெட்டி ஒட்ட, சுருதி திருத்த, கச்சேரி முடிந்த கையோடு வீடியோ போடத் தெரிய வேண்டும். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற நான் எல்லாவற்றையும் இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கர்வமும் கூடவே வந்தது.

ஒரு மத்தியானம், “புது மைக்கைச் சோதிக்கணும். ஒவ்வொரு சுரமா இழுத்துப் பாடும்மா” என்றேன். தொண்டை கட்டும்வரை பாடினார். “மைக்கு பாஸாயிருச்சுங்களாண்ணா?” என்று சிரித்தார்.

அந்தச் சுரங்களைக் கீபோர்டின் கட்டைகளில் ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர் மூச்சு இழுக்கும் ஒலி இருந்தது. மூச்சு அழுக்கு என்றுதான் நான் பார்த்த பாடங்களில் சொன்னார்கள். வெட்டினேன். அதன்பின் விரல் வைத்தால் அவர் குரல் வந்தது. அவருக்கு அழைப்பு போவது நின்றது.

பரமத்தி வேலூரில் ஒரு கல்யாணத்துக்கு அவர் உறவினராக வந்திருந்தார். இடைவேளையில் மேடையோரம் வந்து நின்றார்.

“ஏனுங்கண்ணா, நான் இங்க நிக்கறேன். அங்க பாடுனது ஆருங்க?”

“மெசின்தாம்மா. காலம் மாறிப்போச்சு.”

“பாடாமயே பாடகியாயிட்டீங்க, இதுக்கு மேல என்னங்க வேணும்?” என்றார் எங்கள் டிரம்ஸ்காரர். நாங்கள் சிரித்தோம். அந்தப் பெண் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தபடி போய்விட்டார்.

பிறகு நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அடுத்து வந்தது அவருடைய சாவுச் செய்தி. அந்த வாரமும் ஒரு முகூர்த்தத்தில் அவர் குரலை வாசித்தேன். விரலை எடுத்த பிறகும் குரல் நிற்கச் சற்றுத் தாமதித்ததுபோல் இருந்தது.

எருமப்பட்டியில் அவருடைய மகள் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, குரல் இருந்த பென்டிரைவைக் கொடுத்தேன். மகள் அதை டிவியில் செருகிக் கடைசிவரை கேட்டார்.

“எங்கம்மா மூச்சே உடாமப் பாடறாங்களே” என்றார். “பாடறதுக்கு முன்னால ஒரு மூச்சு இழுப்பாங்க. அது கேட்டாத்தான் பாட்டு வருதுன்னு ஊட்ல எங்களுக்குத் தெரியும். அது எங்கீங்க?”

“வெட்டிட்டேன் சாமி.”

“வெட்டாதது இருக்குதுங்களா?”

இல்லை. அப்போதே அழித்திருந்தேன். அவர் டிவியிலிருந்து பென்டிரைவைப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

“நீங்களே வெச்சுக்கங்க. இது உங்க பொட்டியோட குரலு.”

கீபோர்டிலிருந்து அந்தக் குரலை நீக்கினேன். குழுவில் மறுபடி ஒரு பெண்ணைச் சேர்க்கச் சொன்னேன். இப்போது எனக்குப் பின்னால் நிற்கிறாள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் அவள் மூச்சு இழுக்கும்போது நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.

“என்னுங்கய்யா, சுருதி சேரலீங்களா?” என்று கேட்கிறாள்.

அவள் இன்னும் பாடத் தொடங்கியிருக்கவில்லை.